கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்னாடி: கிட்னி பாதிப்பை முன்கூட்டியே சொல்லப் பார்த்த 80 வருஷக் கதை

இந்த எபிசோடை ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

காய்ச்சல், வயிற்றுப்போக்குன்னு ஒருத்தர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிறார். ரிப்போர்ட் வருது. கிரியேட்டினின் நார்மல். "கிட்னிக்கு ஒண்ணும் இல்ல" என்று எல்லோரும் நிம்மதியாகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே கிரியேட்டினின் மூன்று மடங்கு ஏறி நிற்கிறது. அப்போ முதல் ரிப்போர்ட் தப்பா?

தப்பில்லை. ஆனால் அது பழைய செய்தி. கிரியேட்டினின் என்பது நம்ம தசைகள் நாள் முழுக்க ஒரே சீராக வெளியே தள்ளும் கழிவு. கிட்னி அதை வடிகட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சமையலறை சிங்க்கை நினைச்சுக்கோங்க. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டா விழுந்துட்டே இருக்கு. கீழே அடைச்சுக்கிச்சு. அடைத்த அந்த நிமிஷமே சிங்க் நிரம்பிடாது, இல்லையா? தண்ணீர் மட்டம் ஏறுவது கண்ணில் படவே நேரமாகும். அதே மாதிரி, கிட்னி அடிவாங்கி ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்துத்தான் கிரியேட்டினின் ஏறியது தெரியும். கிட்னியின் திறனில் பாதி போன பிறகும் ரிப்போர்ட் நார்மல் என்றே சொல்லலாம்.

சில மணி நேரத்திலோ சில நாளிலோ கிட்னியின் வேலை இப்படிச் சட்டென்று விழுவதைத்தான் மருத்துவர்கள் ஏகேஐ என்கிறார்கள். தமிழில் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று சொல்லலாம். இது வர ஏற்கெனவே கிட்னி நோய் இருக்கணும்னு அவசியம் இல்லை. வேற எதுக்கோ அட்மிட் ஆனவருக்கும் வரும். ரத்த அழுத்தம் விழுந்தால், உடம்பில் நீர் வற்றினால், கிருமித்தொற்று ரத்தத்தில் பரவினால், பெரிய ஆபரேஷன் நடந்தால், சில வலி மாத்திரைகளும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் ஒன்றுசேர்ந்தால் வரும். பெரும்பாலும் வலி கூட இருக்காது.

அதனால்தான் மருத்துவ உலகம் 80 வருஷத்துக்கும் மேலாக ஒரே கேள்வியைக் கேட்டுட்டே இருக்கு. அந்த எண் ஏறுவதற்கு முன்னாடியே இதைச் சொல்லிவிட முடியுமா? இன்றைய எபிசோட் அந்தக் கேள்வியின் வரலாறு. இதில் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கதையும் வரும். ஆனால் ஹீரோ அது இல்லைன்னு இப்பவே சொல்லிடறேன்.

லண்டன், 1940

1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது இரவு இரவாகக் குண்டு போட ஆரம்பித்தன. இடிந்த வீடுகளுக்கு அடியில் கை, கால் நசுங்கிக் கிடந்தவர்களைத் தோண்டி எடுக்கவே மணிக்கணக்கானது. அவர்களில் சிலர் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அங்கே எரிக் பைவாட்டர்ஸ் என்ற இளம் மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்.

வரும்போது ஆள் பரவாயில்லாமல் இருப்பார். கொஞ்ச நேரத்தில் நசுங்கிய கால் வீங்கும். ரத்த அழுத்தம் விழும். அதைச் சமாளித்து ஆளைத் தேற்றிவிட்டோம் என்று நினைக்கும்போது சிறுநீர் குறையும், பழுப்பு நிறமாகும். ஒரு வாரம் போல் ஆகும்போது இறந்துவிடுவார். 1941 மார்ச்சில் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் இப்படி 4 பேரைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். முதல் உலகப் போரின்போதே ஜெர்மன் மருத்துவர்கள் இதே மாதிரி எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அது மறந்துபோயிருந்தது. நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் என்ற நிறமி ரத்தத்தில் கலந்து, கிட்னியின் நுண்குழாய்களைக் கெடுக்கிறது என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெளிவானது.

இங்கே ஒண்ணு கவனிங்க. யாருக்கு இது வரும் என்று சொல்ல ரத்தப் பரிசோதனையே தேவையில்லை. மணிக்கணக்கில் இடிபாட்டில் நசுங்கிக் கிடந்தவருக்கு வர வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான். இதுவே ஒரு முன்கணிப்பு. அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டிய வேலையும் கையிலேயே இருந்தது. சிறுநீர் குறையும்வரை காத்திருக்காமல், சீக்கிரமே உடம்பில் நிறைய திரவம் ஏற்றுவது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, ஒரு நிமிஷம் துருக்கிக்குப் போய்விட்டு வருவோம். 1999 ஆகஸ்டில் மர்மரா பகுதியில் நடந்த நிலநடுக்கத்தில் 639 பேருக்கு நசுங்கியதால் கிட்னி பாதிப்பு வந்தது. அவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. 2003-ல் அதே நாட்டின் பிங்கோல் நகரில் இன்னொரு நிலநடுக்கம். அது சின்னது, பாதிக்கப்பட்டவர்களும் குறைவு. அதனால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் அங்கே நசுங்கிய காயங்களோடு வந்த 16 பேருக்கு, கிட்னி கெட்டதா என்று பார்த்துட்டு நிற்காமல், உடனே தாராளமாகத் திரவம் ஏற்றினார்கள். 4 பேருக்கு மட்டுமே டயாலிசிஸ் தேவைப்பட்டது. 16 பேரும் பிழைத்தார்கள். அந்த 4 பேர் யார் தெரியுமா? மீட்கப்பட்ட பிறகு டிரிப்ஸ் ஏற்றத் தாமதமானவர்கள்.

கட்டை உருளையும் 17-ஆவது நோயாளியும்

மறுபடியும் 1940-களுக்கு வருவோம். கிட்னி நின்றுபோனவரை என்ன செய்வது? ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற ஊரில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் ஒரு விநோதமான இயந்திரத்தைக் கட்டினார். ஒரு உருளை. அதன்மேல், சாசேஜ் செய்யப் பயன்படும் செலஃபேன் குழாய் சுற்றப்பட்டிருக்கும். அது உப்பு நீர்த் தொட்டியில் சுழலும். குழாய்க்குள் நோயாளியின் ரத்தம் ஓடும். ரத்தத்தில் உள்ள கழிவு, செலஃபேன் வழியாகத் தண்ணீருக்குள் கசிந்துவிடும்.

1943-ல் ஆரம்பித்தார். முதல் 16 பேரில் ஏறக்குறைய எல்லோருமே இறந்தார்கள். 1945 செப்டம்பரில் வந்த 17-ஆவது நோயாளி 67 வயதுப் பெண். சுயநினைவு இல்லாமல் வந்தவர், டயாலிசிஸுக்குப் பிறகு கண் விழித்தார். அவருடைய கிட்னி மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது.

இது நமக்கு ஏன் முக்கியம்? திடீர் பாதிப்பில் கிட்னி செத்துப்போவதில்லை, பல சமயம் மீண்டு வரும் என்பதை இது காட்டியது. அப்போ நேரம்தான் எல்லாமே. டயாலிசிஸ் அந்த நேரத்தை வாங்கித் தரும். ஆனால் டயாலிசிஸ் வரை போன ஒருத்தர் ரொம்ப தூரம் போய்விட்டவர். அதற்கு முன்னாடியே எப்படிப் பிடிப்பது?

பெயர் வைக்கவே 50 வருஷம்

இங்கே கதை கொஞ்சம் தடுமாறுகிறது. ஒன்றை முன்கூட்டியே சொல்லணும்னா, முதலில் அது எது என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளணும். 1951-ல் ஹோமர் ஸ்மித் தன் பாடநூலில் பயன்படுத்திய பிறகு "அக்யூட் ரீனல் ஃபெயிலியர்" என்ற பெயர் நிலைத்தது. திடீர் சிறுநீரகச் செயலிழப்பு. பெயர் இருந்தது, ஆனால் அளவு இல்லை. ஒரு ஆய்வில் கிரியேட்டினின் இரண்டு மடங்கானால்தான் கணக்கு. இன்னொன்றில் டயாலிசிஸ் போட்டால்தான் கணக்கு. ஆய்வுக் கட்டுரைகளில் 30-க்கும் மேற்பட்ட வரையறைகள் புழங்கின.

2004-ல் ஒரு சர்வதேச மருத்துவர் குழு ரைஃபிள் என்ற பொது அளவுகோலைக் கொண்டுவந்தது. 2005-ல் கிளென் செர்டோவும் உடன் ஆய்வாளர்களும், ஆஸ்பத்திரி நோயாளிகளின் கிரியேட்டினின் கொஞ்சமாக ஏறினாலே மரண ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். அதுவரை "சின்ன ஏற்றம், பார்த்துக்கலாம்" என்று விட்டதெல்லாம் ஆபத்தின் அடையாளமாக மாறியது. பெயரும் மாறியது. செயலிழப்பு போய், பாதிப்பு வந்தது. 2012-ல் வந்த கேடிகோ வழிகாட்டியைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 0.3 மில்லிகிராம் ஏறினால், அல்லது 7 நாளுக்குள் ஒன்றரை மடங்கானால், அல்லது 6 மணி நேரமாகச் சிறுநீர் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அது ஏகேஐ.

இரண்டு மணி நேரத்தில் சொல்லும் புரதம்

அளவு கிடைத்தாச்சு. ஆனால் அது இன்னும் அதே தாமதமான கிரியேட்டினினை நம்பித்தானே இருக்கு? மாரடைப்பு என்றால் டிரோபோனின் என்ற பரிசோதனை இருக்கு. கிட்னிக்கு அப்படி ஒண்ணு கிடைக்காதா?

2005-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பிரசாத் தேவராஜனின் குழு, இதய ஆபரேஷன் செய்துகொண்ட 71 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. ஏன் இதய ஆபரேஷன்? கிட்னி எந்த மணி நேரத்தில் அடிவாங்கியது என்று துல்லியமாகத் தெரிகிற அரிதான சந்தர்ப்பம் அது. 20 குழந்தைகளுக்குக் கிட்னி பாதிப்பு வந்தது. கிரியேட்டினின் அதைச் சொல்ல 1 முதல் 3 நாள் எடுத்துக்கொண்டது. சிறுநீரில் இருந்த என்கால் என்ற புரதம் இரண்டே மணி நேரத்தில் சொல்லிவிட்டது.

பெரிய பரபரப்பு. ஆனால் குழந்தைகளுக்கு வேறு நோய்கள் குறைவு. சர்க்கரை, தொற்று, பழைய கிட்னி கோளாறு எல்லாம் சேர்ந்த பெரியவர்களிடம் இந்தப் புரதம் அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. தொற்று இருந்தாலே அது ஏறிவிடும். 2014-ல் வேறு இரண்டு புரதங்களை அளக்கும் ஒரு பரிசோதனைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆனாலும் டிரோபோனின் மாதிரி எல்லா ஆஸ்பத்திரியிலும் சாதாரணமாகிவிட்ட ஒன்று கிட்னிக்கு வரவில்லை.

கம்ப்யூட்டர் மணி அடிக்கட்டும்

இதே நேரத்தில் பிரிட்டனில் வேறொரு குண்டு விழுந்தது. இந்தத் தடவை அது ஒரு அறிக்கை. 2009-ல், ஏகேஐ வந்து ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் சிகிச்சையை நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். நல்ல கவனிப்பு கிடைத்தது பாதிப்பேருக்குத்தான். அட்மிட் ஆன பிறகு பாதிப்பு வந்தவர்களில் நிறைய பேரிடம் அதைக் கவனிக்கவே தாமதமாகியிருந்தது. அதாவது, எண் ஏறிய பிறகும் பார்க்க ஆள் இல்லை.

அப்போ கம்ப்யூட்டர் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். 2014 ஜூனில், எல்லா ஆஸ்பத்திரி ஆய்வகங்களிலும் கிரியேட்டினின் ஏற்றத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் கணக்குமுறையை வைக்கணும் என்று இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை உத்தரவிட்டது.

நல்ல யோசனைதானே? பெர்ரி வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2,393 நோயாளிகள். பாதிப்பேரின் மருத்துவருக்கு எச்சரிக்கை போகும், மீதிப் பேருக்குப் போகாது. 2015-ல் லான்செட்டில் முடிவு வந்தது. வித்தியாசமே இல்லை. கிரியேட்டினினிலும் இல்லை, டயாலிசிஸிலும் இல்லை, மரணத்திலும் இல்லை.

பிறகு யேலுக்குப் போய் இன்னும் பெரிதாகச் செய்தார். 6 மருத்துவமனைகள், 6,030 நோயாளிகள். 2021-ல் வெளியான முடிவிலும் மொத்தத்தில் பலன் இல்லை. பயிற்சி மருத்துவர்கள் இல்லாத இரண்டு மருத்துவமனைகளில் எச்சரிக்கை போன தரப்பில் இறந்தவர்கள் 15.6 சதவீதம், போகாத தரப்பில் 8.6 சதவீதம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வெறும் ஒரு பாப்-அப். ஏன் இப்படி ஆச்சுன்னு ஆய்வாளர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு பாடம் தெளிவு. எச்சரிக்கையும் ஒரு மருந்து மாதிரி. நல்லதுதானே என்று நினைத்துச் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது.

டீப்மைண்ட் வருகிறது

2015-ல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையோடு கைகோர்த்தது. ஸ்ட்ரீம்ஸ் என்ற போன் செயலி. சுவாரசியம் என்னன்னா, அதில் செயற்கை நுண்ணறிவே கிடையாது. சுகாதாரச் சேவையின் அதே கணக்குமுறைதான். ஆனால் அதற்காகச் சுமார் 16 லட்சம் நோயாளிகளின் பதிவுகள் கைமாறின. நோயாளிகளுக்கு இது சரியாகத் தெரிவிக்கப்படவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அந்த மருத்துவமனை பின்பற்றவில்லை என்று 2017 ஜூலையில் பிரிட்டனின் தகவல் ஆணையர் சொன்னார். செயலியால் நிபுணர்கள் எச்சரிக்கையைப் பார்க்கும் வேகம் கூடியது. ஆனால் கிட்னி மீண்டு வருவதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. 2021-ல் ஸ்ட்ரீம்ஸை மூடுவதாக அறிவித்தார்கள்.

உண்மையான முன்கணிப்பு 2019-ல் வந்தது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் 7,03,782 நோயாளிகளின் பதிவுகளில் டீப்மைண்ட் ஒரு மாதிரியைப் பயிற்றுவித்து, நேச்சர் இதழில் வெளியிட்டது. ஏகேஐ வருவதை 48 மணி நேரம் முன்னதாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. மொத்தப் பாதிப்புகளில் 55.8 சதவீதத்தைப் பிடித்தது. பின்னால் டயாலிசிஸ் வரை போன மோசமான பாதிப்புகளில் 90.2 சதவீதத்தைப் பிடித்தது. ரத்தத்தில் எண் ஏறுவதற்கு இரண்டு நாள் வரை முன்னாடி! நிஜமாகவே பெரிய சாதனைதான்.

இப்போ மற்ற பக்கம். ஒவ்வொரு சரியான எச்சரிக்கைக்கும் இரண்டு தவறான எச்சரிக்கைகள். பழைய பதிவுகளில்தான் சோதனை நடந்தது, வார்டில் படுத்திருக்கும் நோயாளியிடம் இல்லை. அப்புறம், முன்னாள் ராணுவத்தினர் என்றதும் ஊகிச்சிருப்பீங்க. அந்தப் பதிவுகளில் பெண்கள் வெறும் 6 சதவீதம் சொச்சம். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே மாதிரி ஒரு கணிப்பு முறையைக் கட்டிப் பார்த்தபோது, பெண்களிடம் அதன் கணிப்பு மோசமாக இருந்தது.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். அதைவிடப் பெரிய கேள்வி வேற. திங்கட்கிழமை காலை 8 மணிக்கு, "புதன்கிழமை இவருக்குக் கிட்னி பாதிப்பு வரலாம்" என்று திரையில் வருகிறது. சரி. டியூட்டி டாக்டர் இப்போ என்ன செய்யணும்?

ஒரு பட்டியல், ஒரு மருந்தாளுநர்

அந்தக் கேள்விக்குப் பதில், டீப்மைண்ட் வருவதற்கு முன்னாடியே சின்சினாட்டியில் இருந்தது. அதே குழந்தைகள் மருத்துவமனைதான். ஸ்டூவர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற சிறுநீரக மருத்துவரின் குழு 2011-ல் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. பெயர் நிஞ்சா. உள்ளே இருந்தது ரொம்ப எளிமையான விதி. ஒரு குழந்தைக்கு ஒரே நாளில் கிட்னியைப் பாதிக்கக்கூடிய 3 மருந்துகளோ அதற்கு மேலோ போகிறதா, அல்லது அமினோகிளைக்கோசைட் வகை ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியாக 3 நாளாகப் போகிறதா என்று பார்ப்பார்கள். ஆம் என்றால் அந்தப் பெயர் பட்டியலில் ஏறும்.

இதுவரைக்கும் இதுவும் ஒரு எச்சரிக்கைதான். வித்தியாசம் அடுத்த படியில் இருக்கு. பட்டியல் மருந்தாளுநர் கையில் போகும். அவர் வார்டு ரவுண்ட்ஸில் டாக்டர்களிடம் நேரில் பேசுவார். தினமும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்வார். "இந்த மூணுல ஒண்ணை மாத்தலாமா?" என்று கேட்பார். விதி, ஆள், வேலை மூன்றும் முன்கூட்டியே முடிவாகியிருந்தன.

2016-ல் வெளியான கணக்குப்படி, அப்படிப்பட்ட மருந்துச் சேர்க்கைகள் 38 சதவீதம் குறைந்தன. அதனால் வரும் கிட்னி பாதிப்பு 64 சதவீதம் குறைந்தது. 9 மருத்துவமனைகளில் பரப்பிப் பார்த்தபோதும் பாதிப்பு ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது.

ஜெர்மனியின் முன்ஸ்டரில் 2017-ல் வந்த ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுது. இதய ஆபரேஷன் முடிந்த 276 பேர். புரதப் பரிசோதனையில் ஆபத்து என்று தெரிந்தவர்கள் மட்டும். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்கு ரத்த அழுத்தம், திரவ அளவு, சர்க்கரை, மருந்துகள் என்று ஒரு முழுப் பட்டியலின்படி கண்டிப்பான கவனிப்பு. முதல் தரப்பில் 71.7 சதவீதம் பேருக்குப் பாதிப்பு வந்தது. இரண்டாவதில் 55.1 சதவீதம். புதிய மருந்து எதுவும் இல்லை. யார் மேல் கண் வைக்கணும் என்று தெரிந்தது, கண் வைத்தார்கள்.

அப்போ என்ன புரியுது?

புயல் எச்சரிக்கை ஊரைக் காப்பாற்றுவதில்லை. எச்சரிக்கை வந்ததும் யார் எந்தத் தெருவில் இருந்து யாரைக் கூட்டிப் போகணும் என்று முடிவாகியிருந்தால்தான் ஊர் தப்பிக்கும். பிங்கோலில் டிரிப்ஸ் ஏற்றியவர்களும், சின்சினாட்டியில் பட்டியலோடு நின்ற மருந்தாளுநரும் வைத்திருந்த கணிப்பு ரொம்பச் சாதாரணமானது. அடுத்த நிமிஷம் என்ன செய்யணும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 48 மணி நேரம் முன்னாடி சொல்லும் இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த 48 மணி நேரத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கண்டுபிடிக்கணும்.

கடைசியா, இதைக் கேட்கிற உங்களுக்கு ஒரு விஷயம். வீட்டில் யாராவது, குறிப்பா வயசானவங்க, அட்மிட் ஆனால் டாக்டரிடமும் நர்ஸிடமும் நாலு கேள்வி கேட்கலாம். இவங்களுக்கு முன்னாடி கிரியேட்டினின் எவ்வளவு இருந்தது? நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு மாறியிருக்கு? சிறுநீர் எவ்வளவு போகுதுன்னு குறிச்சு வைக்கிறீங்களா? இப்போ போகிற மருந்துகளில் கிட்னியைப் பாதிக்கக்கூடியது எது? நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திடாதீங்க. கேளுங்க, அது போதும். பழைய ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துட்டுப் போங்க. இன்றைய எண் ஏறியிருக்கா இல்லையா என்று சொல்ல, நேற்றைய எண் தெரிந்திருக்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.